தற்காலிகக் கோப்புகளும் வீட்டாரின் அமானிதமும்



வீட்டுக் கணினியில் சேரும் தற்காலிகக் கோப்புகளை நீக்குவது எப்படி என்று கேட்டால், இன்ன இடத்திற்குச் செல்லுங்கள், எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள், அழித்துவிடுங்கள் என்று மூன்று வரிகளில் விடை சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒருவரே பயன்படுத்தும் கணினிக்கு அது போதும். ஆனால் நம் வீடுகளில் கூடத்து மூலையில் இருக்கும் கணினி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. வாப்பாவின் கடைக் கணக்கு, பிள்ளைகளின் பாடங்கள், சவூதியில் இருக்கும் மச்சானின் பாஸ்போர்ட் நகல், உம்மா கேட்கும் பயான்கள், யாரோ ஒருவர் அனுப்பிய நிக்காஹ் அழைப்பிதழ் என எல்லாம் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. ஆகவே எதை அழிக்கலாம் என்று கேட்பதற்கு முன், அங்கே கிடப்பது யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் சி டிரைவின் பட்டை சிவப்பாக மாறியபோதுதான் நாங்கள் இதில் இறங்கினோம். காலியிடம் பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே குறையும்போது விண்டோஸ் அப்படிச் சிவப்புக் காட்டும். மேம்பாடுகள் பாதியில் நின்றன. மச்சானுக்காக ஸ்கேன் செய்த ஒரு சான்றிதழைச் சேமிக்க முடியவில்லை. கணினி மெதுவாக இயங்குகிறது என்பதற்காகச் சிலர் வாரந்தோறும் துப்புரவு செய்கிறார்கள். அதனால் பெரும் பயன் ஏதும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. வன்தட்டு நிரம்பித் ததும்பும் நிலையில்தான் இந்த வேலைக்குப் பொருள் உண்டு.

தற்காலிகக் கோப்புகள் என்பவை எவை? கல்யாண வீட்டுக் கொல்லையை நினைத்துப் பாருங்கள். தேக்சாவை ஏற்ற அடுக்கிய செங்கற்கள், மிஞ்சிய விறகு, வெங்காயத்தோல் குவிந்த சாக்கு. சமையல் நடக்கும்வரை அவையெல்லாம் வேண்டும். விருந்து முடிந்தால் வேண்டாம். பண்டாரி ஒழுங்கானவராக இருந்தால் தாமே எடுத்துப் போவார். இல்லையெனில் நாம்தான் அள்ள வேண்டும். மென்பொருள்களும் அவ்வாறே. ஒன்றை நிறுவும்போதும், ஓர் ஆவணத்தைத் திறந்து வேலை செய்யும்போதும், இணையப் பக்கத்தைப் பார்க்கும்போதும் இடைக்காலத் தேவைக்காகச் சிலவற்றை எழுதி வைத்துக்கொள்கின்றன. முறையாக மூடப்பட்டால் பெரும்பாலும் தாமே அழித்துவிடுகின்றன. மின்சாரம் போய் அணைந்தாலோ, மென்பொருள் உறைந்து நின்றாலோ, அவை அங்கேயே தங்கிவிடுகின்றன.

முதலில் செய்ய வேண்டியது, திறந்திருக்கும் எல்லாவற்றையும் சேமித்து மூடிவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்வது. சில மென்பொருள்களின் நிறுவல் வேலை மறுதொடக்கத்தில்தான் முழுமையடைகிறது. அதற்கான கோப்புகள் அதுவரை டெம்ப் கோப்புறையில் காத்திருக்கும். அவற்றை முன்கூட்டியே அழித்தால் நிறுவல் அரைகுறையாக நின்றுவிடக்கூடும்.

பிறகு, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் ஒருசேர அழுத்தினால் ஒரு சிறு பெட்டி தோன்றும். அதில் சதவிகிதக் குறி, டெம்ப் என்னும் சொல்லின் நான்கு ஆங்கில எழுத்துகள், மீண்டும் சதவிகிதக் குறி ஆகியவற்றை இடைவெளியின்றித் தட்டி என்டர் அழுத்தினால், நமது கணக்கிற்குரிய டெம்ப் கோப்புறை திறக்கும். ஆப்டேட்டா என்னும் மறைந்த கோப்புறைக்குள் இருப்பதால் இது சாதாரணமாகக் கண்ணில் படுவதில்லை. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருந்தால், அவரவர் கணக்கில் நுழைந்துதான் அவரவருடையதைத் திறக்க முடியும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே கணக்கு. பல வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும்.

அங்கே உடனே அனைத்தையும் தேர்ந்தெடுத்து அழிக்கத்தான் கை போகும். நாங்கள் அவ்வாறு செய்யாமல், தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தோம். பொருளற்ற எழுத்தும் எண்ணுமாக நூற்றுக்கணக்கான பெயர்கள். அவற்றின் நடுவே, டெம்ப் என்று தொடங்கி, ஒரு ஸிப் கோப்பின் பெயரோடு முடியும் கோப்புறை ஒன்று இருந்தது. உள்ளே ஒரே ஒரு வேர்டு ஆவணம். முப்பத்தொரு பக்கங்கள். கடைசியாகத் திருத்தப்பட்டது நான்கு நாட்களுக்கு முன்.

அது ராத்தா தட்டச்சு செய்துவந்த குடும்ப வமிசாவளி. உம்மம்மா சொல்லச் சொல்ல எழுதியது. யார் யாரை மணந்தார்கள், எந்தத் தலைமுறையில் யார் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார்கள், அவர்களில் திரும்பி வந்தவர் யார், வராதவர் யார், கைக்குழந்தையாகவே மவுத்தான பிள்ளைகளின் பெயர்கள் உட்பட எல்லாம் அதில் இருந்தன. சென்ற ஆண்டிலிருந்து உம்மம்மா அவர்களுக்கு மறதி வந்துவிட்டது. இப்போது கேட்டால், தம் பிள்ளைகளின் பெயர்களையே மாற்றிச் சொல்கிறார்கள். அந்த விவரங்களுக்கு வேறு ஏடு கிடையாது.

அது அங்கே போய்ச் சேர்ந்த விதத்தை விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம். ஏனெனில் இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. உறவினர் ஒருவர் முதல் சில பக்கங்களை ஸிப்பாகச் சுருக்கி மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். ராத்தா அந்த ஸிப்பை விரிக்காமல், அதற்குள்ளிருந்தே ஆவணத்தைச் சொடுக்கித் திறந்தார்கள். அப்படித் திறக்கும்போது விண்டோஸ் அதன் நகல் ஒன்றை டெம்ப் கோப்புறையில் எடுத்து வைத்து, அந்த நகலைத்தான் திறந்து காட்டுகிறது. எழுதி முடித்துச் சேமிக்க முற்பட்டபோது வேர்டு புதிய பெயர் கேட்டது, பெயர் கொடுத்தார்கள். எந்த இடத்தில் சேமிக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? மறுநாளிலிருந்து வேர்டைத் திறந்ததும் அண்மைக் கோப்புகளின் பட்டியலில் அதுவே முதலில் நின்றது. அதைச் சொடுக்கியே மாதக்கணக்கில் எழுதிவந்தார்கள். இதில் ராத்தாவைக் குறை சொல்ல ஏதுமில்லை. மின்னஞ்சலில் வரும் இணைப்பை அங்கிருந்தே திறந்து திருத்திச் சேமித்தாலும் சில மென்பொருள்களில் இதே கதைதான். எனவே, ஸிப்பாக வந்தால் முதலில் விரித்துவிடுங்கள். இணைப்பாக வந்தால் முதலில் ஓர் இடத்தில் இறக்கிவிட்டுத் திறவுங்கள்.

அந்த ஆவணத்தை டாக்குமெண்ட்ஸில் ஒரு பிரதியும் பென் டிரைவில் ஒரு பிரதியுமாக எடுத்து வைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், மேலே சொன்ன கோப்புறைக்குள் யாரும் அதற்கு முன் கை வைத்திருக்கவில்லை. பிறகு, எஞ்சியவற்றில் வேர்டு, எக்ஸெல், பிடிஎஃப், படம் என்று மனிதர் கையால் ஆன எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு டெலீட் அழுத்தினோம். ஷிஃப்ட் விசையைச் சேர்த்து அழுத்தவில்லை. அப்படிச் செய்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரே அழிந்துவிடும். சில கோப்புகள் பயன்பாட்டில் உள்ளன என்று கணினி சொல்லும். அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ‘ஸ்கிப்’ கொடுத்து விட்டுவிடலாம். பின்னில் இருக்கும்வரை இடம் மிச்சமாகாது என்பது உண்மையே. ஆயினும் ஒரு வாரம் பொறுத்து, வீட்டில் யாரும் எதையும் தேடவில்லை என்று தெரிந்த பிறகே அதைக் காலி செய்தோம்.

இரண்டாவது வழி, செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ், அதில் டெம்பரரி ஃபைல்ஸ். பாதுகாப்பான வழி என்று இதையே சொல்வார்கள், பெரும்பாலும் சரிதான். படங்களின் சிறு உருவங்களான தம்ப்நெயில்ஸ், மேம்பாட்டுக்குப் பின் தங்கிய எச்சங்கள், டெலிவரி ஆப்டிமைசேஷன் கோப்புகள் ஆகியவற்றைக் கவலையின்றி நீக்கலாம்; தேவையானவற்றை விண்டோஸ் மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். முந்தைய விண்டோஸ் நிறுவல் என்று ஒன்று இருந்தால், அதுவே பல ஜிபி எடுத்துக்கொண்டிருக்கும். அதை நீக்கினால் பழைய பதிப்பிற்குத் திரும்ப இயலாது. எனவே புதிய பதிப்பு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள். பொதுவாகப் பத்து நாட்களில் விண்டோஸே அதை நீக்கிவிடும்.

இந்தப் பட்டியலில் ஒரு வரியை மட்டும் தொடவே வேண்டாம். டவுன்லோட்ஸ் என்று அதன் பெயர். அது தற்காலிகக் கோப்பே அன்று. நம் வீட்டு டவுன்லோட்ஸில் விசா நகல், பள்ளிக் கட்டண ரசீது, ஹஜ் விண்ணப்பம், ஆதார் பிடிஎஃப் என்று என்னவெல்லாம் கிடக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 மேம்பாடு, பழைய டிஸ்க் கிளீனப் கருவியின் பட்டியலிலும் இதைச் சேர்த்தது. பழக்கத்தில் எல்லாக் கட்டங்களிலும் குறியிட்டவர்கள் தங்கள் ஆவணங்களை இழந்தார்கள். 2020இல் அந்தக் கருவியிலிருந்து அது எடுக்கப்பட்டது; செட்டிங்ஸ் பட்டியலில் இன்னும் இருக்கிறது. இங்கே அழிப்பவை ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். டவுன்லோட்ஸைக் குறைக்க விரும்பினால், அதற்கு மென்பொருள் வேண்டாம். வீட்டாரை அழைத்து உட்கார வைத்து, ஒவ்வொன்றாக ‘இது யாருடையது?’ என்று கேட்டால் போதும். ஒருவர் நம் பொறுப்பில் விட்டுச் சென்ற பொருள் அமானிதம். அதை அவரைக் கேளாமல் அப்புறப்படுத்தும் உரிமை நமக்கில்லை. கோப்புக்கு மட்டும் வேறு சட்டம் எங்கிருந்து வரும்?

கேட்பதும் ஒன்று, துருவுவதும் வேறொன்று. பிள்ளைகள் எதைப் பார்த்தார்கள், மருமகள் யாருக்கு எழுதினாள் என்று துப்புரவின் பெயரால் தேடத் தொடங்குவது நம் மார்க்கம் விலக்கிய செயல். பெயரும் வகையும் தெரிந்தால் போதும். உள்ளே திறந்து படிக்க வேண்டிய தேவை அரிதாகவே வரும். ராத்தாவின் ஆவணத்தையும் முதல் பக்கத்திற்கு மேல் நாங்கள் புரட்டவில்லை. அவர்களை அழைத்துக் காட்டினோம்.

உலாவியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டியில், சேமித்த படங்களும் கோப்புகளும் என்னும் வரியை மட்டும் தேர்ந்தெடுங்கள். குக்கீஸை நீக்கினால் திறந்திருந்த எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேற்றப்படுவோம். கடவுச்சொற்களை நீக்கினால், வாப்பாவின் வங்கிக் கணக்கிற்கு மறுபடி யார் அலைவது?

ப்ரீஃபெட்ச் கோப்புறையையும் காலி செய்யச் சிலர் சொல்கிறார்கள். மென்பொருள்கள் விரைந்து திறப்பதற்காக விண்டோஸ் வைத்திருக்கும் குறிப்புகள் அவை, விட்டுவிடுங்கள். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறோம் என்று வரும் இலவச மென்பொருள்களும் எங்களுக்கு உடன்பாடில்லை. பெயர்பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்பிலேயே 2017 ஆகஸ்டில் யாரோ தீநிரலைப் புகுத்திவிட்டார்கள். அது கண்டுபிடிக்கப்படுவதற்குள் ஏறத்தாழ 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் அந்தப் பதிப்பு நுழைந்திருந்தது. விண்டோஸிலேயே உள்ள கருவி செய்யும் வேலைக்கு வெளியாள் எதற்கு?

ஸ்டோரேஜ் சென்ஸ் என்றொரு வசதி, இந்த வேலைகளைத் தானாகவே செய்யும். அதை இயக்கும் முன் அதன் உட்பிரிவுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரீசைக்கிள் பின்னில் கிடப்பவற்றை எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்று கேட்கும். நாங்கள் அறுபது நாள் வைத்திருக்கிறோம். டவுன்லோட்ஸில் திறக்கப்படாமல் இருப்பவற்றை எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்றும் கேட்கும். அங்கே ‘நெவர்’.