தேன் பாறைக்குப் பட்டா

நேற்று இருமலுக்காக வீட்டில் தேன் தேடியபோது, அலமாரியின் பின்வரிசையிலிருந்து ஒரு பழைய பாட்டில் கைக்கு வந்தது. அடியில் இரண்டு விரற்கடை மிச்சம். மூன்று வருஷத்துக்கு முன் கோத்தகிரிப் பக்கம் ஒரு குறும்பர் குடியிருப்பில் கொடுத்த தேன் அது. ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் ஒன்று உண்டு. இன்று எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

1991 முதல் 1994 வரை நான் அந்தப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் விவசாயக் கடன் பார்க்கும் ஃபீல்டு ஆபீசர். ஒரு நாள் குறும்பர் பெரியவர் ஒருவர் கிளைக்கு வந்தார். கொஞ்சம் காப்பியும் மிளகும் வைக்க எட்டாயிரம் ரூபாய் கடன் கேட்டார். நிலத்தைப் பார்க்க இரண்டு மணி நேரம் சரிவில் இறங்கி நடந்து போனேன். நல்ல மண், நல்ல நிழல், பக்கத்திலேயே ஓடை. கடன் கொடுக்க எல்லாம் இருந்தது, பட்டாவைத் தவிர.

"பட்டா இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதே பெரியவரே" என்றேன்.

"எங்க தாத்தாவுக்கும் முன்னாடியிருந்து இங்கதான் இருக்கோம் சார். நாங்க யாருகிட்ட போய்ப் பட்டா கேக்கறது?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. 1882-இல் வந்த சென்னை வனச் சட்டத்தின் கீழ் காடுகளுக்கு எல்லை கட்டியபோது, உள்ளே குடியிருந்தவர்கள் பலர் தங்கள் ஊரிலேயே ஆக்கிரமிப்பாளர் ஆனார்கள் என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று விண்ணப்பத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தேன்.

திரும்பும் வழியில் அவர் ஒரு செங்குத்துப் பாறையைக் காட்டினார். கரிய தோல்பை மாதிரி பெரிய பெரிய அடைகள் தொங்கின. மலைத்தேனீ. காட்டுக் கொடியில் ஏணி பின்னி, புகை போட்டு, அந்தரத்தில் தொங்கித் தேன் எடுப்பார்களாம். மேலே கயிற்றைப் பிடித்துக்கொள்வது மனைவியின் அண்ணன் தம்பிதானாம். "தங்கச்சி தாலிய நெனச்சுப் பிடிப்பான் சார்" என்று சிரித்தார். சித்திரை, வைகாசியில், தென்மேற்கு மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்பது கணக்கு.

மூன்று வருஷத்துக்கு முன் கோவையில் மகள் வீட்டுக்குப் போனபோது, ஒரு நாள் கார் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். பெரியவர் காலமாகிவிட்டார். மகன் என்னை உட்கார வைத்துக் கட்டங்காப்பி கொடுத்தார்.

"கணக்கே மாறிப்போச்சு சார். பூக்கற மரம் முன்னாடியே பூக்குது, இல்லாட்டி பூவு வந்த நேரத்துல மழை அடிச்சுக் கொட்டிடுது. ஈ வர்றதும் கம்மி. எடுக்கற தேனும் தண்ணியா இருக்கு, புளிச்சுப் போகுது" என்றார்.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரப்பதத்தைத் தாங்கும் என்கிறது அறிவியல். அதனால் பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுவது அதிகமாகிறது. 2019 ஆகஸ்டில் இதே நீலகிரியில், அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல் அது. ஏசியும் காரும் வைத்திருக்கும் நாம் பூமியைச் சூடாக்கியதில் இவர்கள் பங்கு என்ன இருக்கும்? ஒரு வெல்டிங் பட்டறைப் புகை அளவுகூட இருக்காது.

ஆனால் என்னை உறுத்தியது அவர் அடுத்துச் சொன்னதுதான். ஒரு வருஷம் மழையில் சரிவு இறங்கி, மிளகுக் கொடிகள் போய்விட்டன. நஷ்ட ஈட்டுக்கு மனு கொடுத்தால் அங்கேயும் பட்டா நகல் கேட்டார்களாம். நான் கேட்ட அதே காகிதம்! கடன், பயிர்க் காப்பீடு, நிவாரணம் எல்லாம் அந்த ஒரு காகிதத்தில் தொங்குகின்றன. வானிலை கெடக் கெட அது இல்லாதவருக்கு அடி மேல் அடி.

2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. குடியிருந்து பயிர் செய்யும் நிலத்துக்கு உரிமை, தேன் போன்ற சிறு வன விளைபொருள்களை எடுக்கவும் விற்கவும் உரிமை, ஊர்க்காட்டைச் சேர்ந்து பாதுகாக்கும் உரிமை, எல்லாம் அதில் உண்டு. கோரிக்கையை முதலில் பரிசீலிப்பது கிராம சபை. தமிழ்நாட்டில் ஒரு வழக்கால் பட்டா வழங்குவது பல வருஷம் முடங்கி, 2016-இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகுதான் நகர்ந்தது.

மகன் உள்ளே போய், லேமினேட் செய்த ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். ஒன்றரை ஏக்கருக்கு உரிமைப் பத்திரம், அவர் பெயரும் மனைவி பெயரும் சேர்த்து. அதைக் கையில் வாங்கியபோது என் விரல் லேசாக நடுங்கியது. வயசினால் மட்டும் அல்ல.

"தேன் பாறை இதுல இல்ல சார். அது ஊர் மொத்தத்துக்கும் சேர்ந்த உரிமை. தனியா மனு போட்டிருக்கோம், இன்னும் வரல" என்றார்.

அந்த மனுவின் நகலை வாங்கி வரி வரியாகப் படித்தேன். கிராம சபைத் தீர்மானத்தின் தேதி ஒரு இடத்தில் மாறியிருந்தது. திருத்த வேண்டியதைக் குறித்துக் கொடுத்தேன். முப்பது வருஷம் விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்தவனுக்கு, அந்தப் பழக்கம் ஒரு தடவையாவது அவர்கள் பக்கம் நின்று உதவியது.

கிளம்பும்போது பாட்டிலைக் கொடுத்தார். பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "அப்பா உங்களப் பத்திச் சொல்வாரு சார். மத்தவங்க வராமலே இல்லைன்னாங்க, பேங்க்கு சாரு மட்டும் நடந்து வந்து பாத்துட்டு இல்லைன்னாருன்னு."

பாராட்டாக எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

போன மாதம் போனில் கேட்டேன். பாறைக்கான உரிமை இன்னும் வரவில்லையாம். மழை மட்டும் முன்னதாகவே வந்துவிட்டதாம். பாட்டிலில் மிச்சமிருக்கும் தேனை எடுக்க மனசு வரவில்லை. இருமலுக்குக் கடைத் தேனே போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.