பெண் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி



தை பிறந்ததிலிருந்து மூன்று வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்துவிட்டார்கள். "டீச்சர், அமெரிக்க மாப்பிள்ளை ஜாதகம் வந்திருக்கு. உங்ககிட்ட படிச்ச பிள்ளைங்க நிறையப் பேர் அங்கதானே இருக்காங்க, பையனைப் பத்திக் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க." விசாரிக்கச் சொன்னதெல்லாம் ஒரே மாதிரிதான். சம்பளம் எவ்வளவு, கெட்ட பழக்கம் உண்டா, சொந்த வீடு வாங்கிவிட்டானா. பெண் இன்ஜினியரிங் முடித்து நாலு வருடம் வேலை பார்த்தவள். அங்கே போனால் அவள் வேலைக்குப் போக முடியுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானாக எடுத்துச் சொன்னால், "அதெல்லாம் போனதும் கிடைச்சிடும் டீச்சர்" என்கிறார்கள்.

போனதும் கிடைத்துவிடாது. எப்போது கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே இருக்கும் என் மாணவ மாணவிகள் பொறுமையாக எனக்கு விளக்கியதையும், நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, டீச்சர் டிரெய்னிங் படித்தவள். ஐந்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் இது புரிந்துவிடும்.

நம் பையன்கள் பெரும்பாலும் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார்கள். ஒரு தடவைக்கு 3 ஆண்டு, மொத்தம் 6 ஆண்டு. அவன் மனைவிக்குக் கிடைப்பது எச்-4. அதை வைத்துக்கொண்டு அங்கே வாழலாம், கல்லூரியில் படிக்கலாம், லைசென்ஸ் எடுத்து கார் ஓட்டலாம். சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டியூஷன் எடுத்துக் காசு வாங்கினால்கூட விதிமீறல்தான்.

2015 மே 26 வரை இந்தப் பெண்களுக்கு வேறு வழியே இல்லை. அன்று முதல் ஒரு புதிய விதி நடைமுறைக்கு வந்தது. கணவனின் கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 என்ற மனு அங்கீகரிக்கப்பட்டிருந்தால், மனைவி வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இந்த அட்டையைத்தான் 'இஏடி' என்கிறார்கள். (கிரீன் கார்டு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கணவனுக்கு 6 ஆண்டு தாண்டி நீட்டிப்பு கிடைத்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம்.) 2017 இறுதி வரை முதல்முறையாக அனுமதி பெற்றவர்கள் சுமார் 90,000 பேர். அவர்களில் 93 விழுக்காடு பெண்கள். 93 விழுக்காடு இந்தியாவில் பிறந்தவர்கள். ஆக, இது நம் வீட்டுப் பெண்களின் விஷயம்.

அந்த ஐ-140 எப்போது வரும்? அங்கேதான் முதல் காத்திருப்பு.

முதலில் கம்பெனி மனசு வைக்க வேண்டும். கிரீன் கார்டு வேலையை ஆரம்பிப்பதும் ஆரம்பிக்காததும் அவர்கள் விருப்பம். ஆரம்பித்தால், அந்த வேலைக்கு அந்த ஊரில் என்ன சம்பளம் என்று அரசிடம் நிர்ணயம் வாங்க வேண்டும். பிறகு விளம்பரம் கொடுத்து, தகுதியுள்ள அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். பிறகு தொழிலாளர் துறையின் சான்று. 'பெர்ம்' என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். அண்மைக் காலத்தில் இதெல்லாம் முடிய ஒன்றரை, இரண்டு வருடம் ஆவது சாதாரணம். அதற்குப் பிறகுதான் ஐ-140. கூடுதல் கட்டணம் கட்டினால் அது 15 வேலை நாளில் பார்க்கப்படும்.

அது வந்ததும் மனைவி தன் விண்ணப்பத்தைப் போட வேண்டும். கூடுதல் பணம் கட்டி விரைவாக வாங்கும் வசதி கணவனின் விசாவுக்கு உண்டு. மனைவியின் எச்-4க்கும் இல்லை, அவளுடைய வேலை அட்டைக்கும் இல்லை. மாதக்கணக்கில் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே, போன வருடம்தான் எச்-1பி கிடைத்தது, கம்பெனி இன்னும் ஒன்றும் ஆரம்பிக்கவில்லை என்கிற பையனுக்குப் பெண் கொடுத்தால், குறைந்தது இரண்டு மூன்று வருடம் அவள் வீட்டில் இருப்பாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஆரம்பிக்கவே இல்லையென்றால் அதுவும் தாண்டும்.

இரண்டாவது காத்திருப்பு, அட்டை கைக்கு வந்த பிறகு. எச்-4 முடியும் தேதியோடு அட்டையும் முடியும். அதிகம் போனால் 3 ஆண்டு. கணவனின் விசாவை முடிவுத் தேதிக்கு 6 மாதத்துக்கு முன்னால் புதுப்பிக்க முடியாது. அதை ஒட்டித்தான் மனைவியும் தன் எச்-4, அட்டை இரண்டையும் புதுப்பிக்கிறாள். அந்த 6 மாதத்துக்குள் புது அட்டை வரவில்லை என்றால், பழையது முடிந்த மறுநாள் அவள் வேலைக்குப் போகக் கூடாது. கம்பெனி சம்பளமில்லா விடுப்பு கொடுத்தால் உண்டு. இல்லையென்றால் வேலை போச்சு.

ஒரு வழக்கில் ஏற்பட்ட சமரசத்தால் 2023 ஜனவரியிலிருந்து 2 ஆண்டுகள், கணவனின் மனுவோடு சேர்த்துக் கொடுத்தால் மனைவியின் விண்ணப்பத்தையும் ஒன்றாகவே பார்த்தார்கள். அந்த ஒப்பந்தம் 2025 ஜனவரியில் முடிந்தது. புதுப்பிக்க மனுப் போட்டுவிட்டால் பழைய அட்டையே 540 நாள் வரை செல்லும் என்ற ஏற்பாடும் இருந்தது. எச்-4 பெண்களுக்கு அது முழுதாகப் பயன்பட்டதில்லை. எச்-4 தேதி முடிந்தால் அந்த நீட்டிப்பும் முடிந்தது என்பது நிபந்தனை. 2025 அக்டோபர் 30 முதல் போடும் மனுக்களுக்கு அந்த ஏற்பாட்டையும் எடுத்துவிட்டார்கள்.

"கிரீன் கார்டு வந்துட்டா இந்தத் தொல்லையே இல்லையே டீச்சர்?" என்பீர்கள். உண்மைதான். அது எப்போது வரும் என்பதற்குத்தான் ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

வேலை வழியாக ஓர் ஆண்டுக்குக் கொடுக்கும் கிரீன் கார்டு சுமார் 1,40,000. 1990-இல் போட்ட சட்டம் இது. நம் பிள்ளைகள் அதிகம் நிற்கும் இ.பி.-2 என்ற பிரிவின் பங்கு 28.6 விழுக்காடு, அதாவது சுமார் 40,000. எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது விதி. 40,000-இல் 7 விழுக்காடு 2,800. அதிலும் மனைவி, குழந்தைகளையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். நாலு பேர் கொண்ட குடும்பம் என்றால் 700 குடும்பம். இந்தியா முழுவதற்கும் ஒரு வருடத்துக்கு இவ்வளவுதான். மற்ற நாட்டுக்காரர்கள் எடுக்காமல் விட்டது மிஞ்சினால் கூடக் கிடைக்கும். அது ஒவ்வொரு வருடமும் மாறும். மாதாமாதம் 'விசா புல்லட்டின்' என்று ஓர் அறிவிப்பு வருகிறது. 2025 அக்டோபரில் வந்ததில் இ.பி.-2 இந்திய வரிசை 2013-ஆம் ஆண்டில் நின்றது. 12 வருடத்துக்கு முன்னால் வரிசையில் சேர்ந்தவர் அப்போதுதான் வாசலுக்கு வந்திருக்கிறார்.

இன்னொன்று. இந்த வரிசையில் நாடு என்பது பிறந்த நாடு. பாஸ்போர்ட்டை மாற்றினாலும் அது மாறாது. கணவன், மனைவி இருவரில் ஒருவர் இலங்கையிலோ சிங்கப்பூரிலோ பிறந்திருந்தால், இருவருமே அந்த நாட்டு வரிசையில் நிற்கலாம். அந்த வரிசை இவ்வளவு நீளம் இல்லை. சம்பந்தம் பேசுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

கம்பெனி தன் சொந்தக் கிளைக்கு மாற்றி அனுப்பும் எல்-1 விசாக்காரரின் மனைவிக்கோ இந்தச் சிரமம் கிடையாது. 2021 நவம்பரிலிருந்து அவர்கள் தனி அட்டை இல்லாமலே வேலை பார்க்கலாம். ஒரே ஊர், ஒரே படிப்பு. ஒருத்தி ஆபீஸ் போகிறாள், இன்னொருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். திறமையில் ஒரு வித்தியாசமும் இல்லை. கணவனின் விசாவில் இருக்கும் எழுத்துதான் வித்தியாசம்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், நம் ஊரில் புழங்கும் ஒரு சொல். "அவ அங்க சும்மாதான் இருக்கா." கல்யாண வீட்டில், வளைகாப்பில், வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் இந்தச் சொல்தான். என்னிடம் படித்த ஒரு பெண் சொன்னாள்: "டீச்சர், வேலை இல்லாததுகூடப் பழகிடுச்சு. அம்மாவுக்கு மாசாமாசம் மாத்திரைக்கு அனுப்பிட்டு இருந்தேன். இப்ப அதுக்கு அவர்கிட்ட கேட்கணும். அவர் நல்லவர்தான், கேட்டா கொடுப்பார். ஆனா கேட்கணுமே." அவள் படிப்புக்கு அப்பா வாங்கிய வங்கிக் கடனுக்கு, கல்யாணத்துக்கு முந்தின மாதம் வரை அவளே தவணை கட்டிக்கொண்டிருந்தாள். இப்போது ஓய்வூதியத்திலிருந்து அப்பா கட்டுகிறார். அவளைத்தான் நாம் "சும்மா இருக்கா" என்கிறோம்.

ஆகவே பெற்றோர்களுக்குச் சொல்கிறேன். சம்பளம் கேளுங்கள், குணம் கேளுங்கள், ஜாதகமும் பாருங்கள். கூடவே இவற்றையும் கேளுங்கள்: "தம்பி, உங்க ஐ-140 ஆகிடுச்சா? இல்லைன்னா கம்பெனி பெர்ம் ஆரம்பிச்சிருக்கா? உங்க விசா எந்தத் தேதி வரைக்கும் இருக்கு?" இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல பையன் நேராகப் பதில் சொல்வான். பதில் "இல்லை" என்றால் சம்பந்தத்தை முறிக்கச் சொல்லவில்லை. பெண்ணிடம் உள்ளதைச் சொல்லி, அவளை முடிவெடுக்க விடுங்கள். அங்கே போய் மேலே படிக்கலாம் என்று நினைப்பாள், இங்கேயே வேலையைத் தொடர்ந்து ஒரு வருடம் கழித்துப் போகலாம் என்று நினைப்பாள். விமானம் ஏறிய பிறகு தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

பையனைப் பெற்றவர்களே, மருமகள் வேலைக்குப் போகாததற்கு அவள் படிப்பைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் மகன் கம்பெனியில் கிரீன் கார்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லிக் கேட்டானா என்று அவனிடம் விசாரியுங்கள்.

அங்கே காத்திருக்கும் என் பெண்களே, புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அனுமதித்த முதல் நாளே மனுவைக் கொடுங்கள், ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். உங்கள் பெயரிலும் ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும். காசு வாங்கிக்கொண்டு "தெரியாமப் பண்ணலாம்" என்று யாராவது வேலை கொடுத்தால் போகாதீர்கள். அதுவும் விதிமீறல்தான். சந்தேகம் என்றால் முறையான வக்கீலிடம் கேளுங்கள், விதிகள் அடிக்கடி மாறுகின்றன. மனசு கனத்தால் எனக்குப் போன் பண்ணுங்கள். எனக்கு இப்போதெல்லாம் விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. உங்களுக்கு அது சாயங்காலம்தானே. கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் அமெரிக்காவில் இருப்பவர்கள், நான் எழுதியதில் சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள். வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

எல்லோரும் நல்லா இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்