இரைச்சலுக்குள் ஓர் இசை

நமது பங்கு இல்லத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு நிட்டிங் கூடம் இருக்கிறது. அங்கே வட்டப் பின்னல் எந்திரங்கள் இரவும் பகலும் சுழல்கின்றன. திருப்பூருக்கு மாற்றலாகி வந்த புதிதில் அவ்வொலி நமது உறக்கத்தைக் கெடுத்தது. இப்போதோ, மின்தடையால் அது நின்றால்தான் விழிப்பு வருகிறது! பழக்கம் எத்துணை வலிது!

நமது பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர், அத்தகைய கூடமொன்றில் இரவு ஷிப்டு பார்ப்பவர். திருப்பலிப் பாடலுக்கு அவர் எந்திரத் தாளத்தை ஓடவிட்டபோது, "இது ஆலயமா, பனியன் கம்பெனியா?" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. சில நாள் கழித்து வந்து, கைப்பேசியை நமது மேசைமேல் வைத்து, "சாமி, இதைக் கொஞ்சம் கேளுங்க" என்றார்.

அவை எம்.ஐ.ஏ. என உலகறிந்த மாதங்கி அருள்பிரகாசத்தின் பாடல்கள். 1975-இல் இலண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்து, போரினால் மீண்டும் இலண்டனுக்கே அகதியாகச் சென்ற ஈழத்தமிழ் மகள் அவர். 2005-இல் வெளிவந்த முதல் தொகுப்பு, தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கிய 'அருளர்'. அதன் தொடக்க வரைவுகளை ரோலண்ட் எம்.சி.-505 என்னும் ஒற்றை மின்னிசைப் பெட்டியில் அவர் அமைத்தார். ஒலி மெலிந்தது; துடிப்பு கூர்மையானது.

2006-இல் அமெரிக்க நுழைவு இசைவு கிட்டாமற்போகவே, அவர் பல நாடுகளில் ஒலிப்பதிவு செய்தார், சென்னைக்கும் வந்தார். 2007-இல் வந்த 'கலா' தாயின் பெயர் கொண்டது. அதில் நம் உறுமி முழங்குகிறது. கொங்கு நாட்டுத் திருவிழாக்களில் நாம் கேட்ட அதே தோற்கருவி! மூடிய கதவு ஒன்று அவரைத் தாயின் மண்ணுக்குத் திருப்பியது போலும்.

2010-இல் தம் பெயரிலேயே 'மாயா' தந்தார். அதில் துளைப்பொறி அலறுகிறது, உலோகம் உரசுகிறது. இது முற்றிலும் புதிதன்று. 1980-இல் மேற்கு பெர்லினில் தோன்றிய ஐன்ஸ்டுர்ட்செண்டே நொய்பௌட்டன் குழுவினர் தகரத்தையும் துளைப்பொறியையும் முன்பே வாத்தியமாக்கியிருந்தனர். எனினும் திறனாய்வாளர் பலர் முகஞ்சுளித்தனர். தோலுக்கு வந்த இசை ஏன் இரும்புக்குத் திரும்பியது என்று நமக்கும் விளங்கவில்லை.

"போதும், நிறுத்தப்பா" என்றோம்.

இளைஞர் நிறுத்தினார். பின்பு மெல்லச் சொன்னார்: "உங்களால நிறுத்த முடியுதுங்க, சாமி. எங்க மெஷினை நாங்க நிறுத்த முடியாதுங்களே. ஊசி ஒடைஞ்சா சத்தம் மாறும். அதுக்காக ராத்திரி பூரா காதைக் குடுத்துட்டே நிப்போம். இந்தப் பாட்டைக் கேட்டா, அந்தச் சத்தம் எம்பேச்சுக்குக் கட்டுப்பட்ட மாதிரி இருக்குதுங்க."

அன்பு வாசகரே, அந்தச் சொல் நம்மைச் சுட்டது. நாம் இரைச்சல் என்று தள்ளியது அவருக்கு வாழ்நாளின் பாதி. அதைத் தாளத்தில் அடக்கி ஆள்வது அவருக்கு ஒரு விடுதலை. ஆனால் எல்லாருக்கும் அவ்விடுதலை வாய்ப்பதில்லை. அவருடைய தாய் பல்லாண்டு ஓவர்லாக் எந்திரத்தில் அமர்ந்தவர். இறந்த கணவருக்காகப் பூசைக் கருத்து எழுத வரும்போதெல்லாம் உரத்துப் பேசுவார். "மெதுவாகப் பேசுங்கள் அம்மா" என்று எத்தனை முறை சொன்னோம்! அவர் தணிக்கவே இல்லை. அடம் என்று எண்ணினோம். செவி மங்கியிருந்தது என்று அன்றுதான் மகன் சொல்லித் தெரிந்தது.

இரைச்சலைக் கலையாக்கலாம்; ஆனால் இழந்த செவியை எந்தக் கலை மீட்டுத் தரும்? காதடைப்பான் ஒன்று காலத்தே கிடைத்திருந்தால்! தாளத்தைப் பற்றிக் கவலைப்பட்ட நாம், செவியைப் பற்றி ஒருநாளும் வினவவில்லையே!

அடுத்த ஞாயிறு அந்த அம்மா வந்தார். வழக்கம்போல் உரத்தே பேசினார். இம்முறை நாம் நாற்காலியை அவர் அருகே நகர்த்தி, அவர் நமது உதடுகளைக் காணும்படி அமர்ந்து, சொல்சொல்லாகப் பேசினோம். கணவரின் பெயரை எழுதியதும், "சாமி, இன்னிக்குத்தான் நீங்க பேசுறது நல்லாக் கேக்குதுங்க" என்றார்.