நம் திரையில் யாருடைய முகம்?



இந்த வாரச் சிந்தனை ஒரு சந்தாவைப் பற்றியது. ஆராதனையில் பாடல் வரிகளுக்குப் பின்னணியாக ஓடும் காட்சிகளுக்காக, குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் ஒரு ஸ்டாக் வீடியோ தளத்தில் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும் என்று வாலிபர் ஐக்கியத்தார் சேகரக் கமிட்டிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். தொகை பெரியதன்று. ஆயினும் அது காணிக்கைப் பணம். முதியோர் உதவித்தொகையில் மிச்சம் பிடித்துப் பத்து ரூபாயை மடித்துக் கொண்டுவந்து போடும் தாய்மார் நம்மிடையே உண்டு. ஆகவே கமிட்டி கூடுமுன் இதை உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன். அந்தத் திரையை ஞாயிறுதோறும் பார்ப்பவர்களும் நீங்கள்தாமே.

ஸ்டாக் வீடியோ இன்னதென்று மூத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலலை, மேகம், மெழுகுவர்த்தி, முழங்காலில் நிற்கும் மனிதர் என்று பத்து முதல் முப்பது விநாடி ஓடும் காட்சிகளை ஒளிப்பதிவாளர்கள் எடுத்துத் தளங்களுக்குக் கொடுக்கிறார்கள். தளங்கள் அவற்றைப் பயன்படுத்தும் உரிமத்தை விற்கின்றன. ஸ்டோரிபிளாக்ஸ், என்வாட்டோ எலிமெண்ட்ஸ் போன்றவை சந்தா முறையில் இயங்குகின்றன. இவ்விளம்பரங்களில் 'ராயல்டி ஃப்ரீ' என்று காண்பீர்கள். அதற்கு இலவசம் என்று பொருளன்று. உரிமம் பெற்றவர் ஒவ்வொரு முறை காட்டும்போதும் தனித்தனியே பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதே பொருள்.

'எண்ணற்ற பதிவிறக்கங்கள்' என்னும் சொல்தான் வாலிபரைக் கவர்ந்தது. எண்ணற்றது நமக்கு எதற்கு என்று கேட்டேன். கடந்த ஓராண்டின் ஆராதனைக் கோப்புகளைத் திறந்து எண்ணிப் பார்த்தார்கள். 52 ஞாயிறுகளிலும் பண்டிகைகளிலும் சேர்த்து நாம் காட்டிய வெவ்வேறு பின்னணிகள் 31. அவற்றுள் ஒரே கடலலை 14 ஞாயிறுகளில் வந்திருக்கிறது. உங்களில் ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பாடுகிறவனுடைய கண் எழுத்தின்மேல் இருக்கிறது. அலை அதன் பின்னால் அமைதியாக அசைந்தால் போதும். அந்த 31 காட்சிகளும் பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே ஆகிய தளங்களிலிருந்து எடுத்தவை. அங்கே கட்டணமும் இல்லை, எடுத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

அப்படியானால் சந்தா எதற்கு என்று உடனே முடிவு செய்துவிடவும் கூடாது. ஞாயிறு ஆராதனைக்குத் திரையை ஆயத்தம் செய்கிற சகோதரி வாரம் முழுவதும் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, சனிக்கிழமை இரவு இரண்டு மணி நேரம் இலவசத் தளங்களில் தேடிக்கொண்டிருக்கிறார். அங்கே நல்லது கிடைப்பதில்லை என்பதன்று. நல்லதோடு சேர்ந்து உதவாததும் மலைபோலக் கிடக்கிறது. சந்தாத் தளங்களில் ஒரே இடத்தில் எடுத்த ஒரே நிறச் சாயலுள்ள காட்சிகள் தொகுப்பாகக் கிடைப்பதால் அவருடைய வேலை பாதியாகும். அவருடைய சனிக்கிழமை இரவுக்கு நாம் யாரும் ரசீது போட்டதில்லை. செலவைக் கணக்குப் பார்க்கும்போது அதையும் எழுதத்தான் வேண்டும்.

இனிப் பணத்தின் நுணுக்கத்துக்கு வருவோம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள மாதத் தொகை, பெரும்பாலும் ஓராண்டுக்கும் சேர்த்து ஒரே தவணையாகக் கட்டினால்தான் கிடைக்கும். மாதம் மாதம் கட்டுவோருக்கு விலை வேறு. டாலரில் கட்டினால் வங்கி நாணய மாற்றுக்கென ஒரு தொகையைச் சேர்க்கும். 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. ஆண்டு முடிந்ததும் சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும். 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து இவ்வாறு பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே செய்தி அனுப்ப வேண்டும். ஆனால் அச்செய்தி யாருடைய கைப்பேசிக்கு வரும்? ஒரு வாலிபர் தம் சொந்தக் கார்டில் கட்டிவிட்டு, வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டால், அடுத்த ஆண்டு நம் சபைக்காக அவர் பணம் இழப்பார். கூச்சத்தினால் கேட்கவும் மாட்டார். எந்தச் சந்தாவானாலும் சபையின் பெயரில், சபையின் மின்னஞ்சலில், பொருளாளரின் கைப்பேசி எண்ணோடுதான் இருக்க வேண்டும்.

"ஓராண்டு கட்டி ஆயிரம் காட்சிகளை இறக்கிக்கொள்வோம், பத்தாண்டுக்குக் கவலையில்லை" என்று ஒருவர் சொன்னார். யோசேப்பு எகிப்தில் தானியம் சேர்த்து வைத்ததுபோல என்றும் சேர்த்துக்கொண்டார்! சிரித்தோம். ஆனால் உரிமத்தை வாசித்தபோது அந்தக் களஞ்சியம் பூட்டப்பட்டிருந்தது. என்வாட்டோ எலிமெண்ட்ஸ் போன்ற தளத்தில், சந்தா நடப்பில் இருந்தபோது செய்து முடித்த வீடியோ பின்னரும் செல்லும். சந்தா முடிந்தபின் பழைய பதிவிறக்கத்தைப் புதிய படைப்பில் சேர்க்கக் கூடாது. நமக்கோ ஒவ்வொரு ஞாயிறும் புதிய படைப்பு. வாட்டர்மார்க் உள்ள மாதிரிக் காட்சியின் ஓரத்தை வெட்டிப் பயன்படுத்தலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. அது திருட்டு, மேலும் பேச ஒன்றுமில்லை. கூடுதல் விலைக்கு 4கே வேண்டுமா என்பதற்கும் விடை எளிது. 4கே காட்சியில் 3840க்கு 2160 புள்ளிகள். நம் ஆலயத்துப் புரொஜெக்டர் காட்டுவதோ 1280க்கு 800. மிச்சப் புள்ளிகள் நம் பழைய மடிக்கணினியைத் திணறடிக்கத்தான் உதவும்.

இவையெல்லாம் கணக்கு. என்னை அதிகமாக யோசிக்க வைத்தது வேறொன்று.

கடந்த லெந்து நாட்களில், குடியிலிருந்து விடுபட்ட நம் சகோதரர் ஒருவரின் சாட்சியை மூன்று நிமிட வீடியோவாக ஆயத்தம் செய்தோம். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். குரல் கொடுக்க இசைந்தார். முகத்தைக் காட்ட அவருக்குக் கூச்சமாக இருந்தது. எனவே வாலிபர்கள் ஓர் இலவசத் தளத்திலிருந்து, இருட்டறையில் பாட்டிலோடு தலைகுனிந்து அமர்ந்திருக்கும் ஒருவனுடைய காட்சியைச் சேர்த்தார்கள். பார்க்க மிகவும் பொருத்தமாக இருந்தது. முதல் வரைவை அவருக்குப் போட்டுக் காட்டினோம். பார்த்து முடித்துவிட்டு அவர் கேட்டார்: "இந்தத் தம்பியை நாம் குடிகாரன் ஆக்கியிருக்கிறது அவருக்குத் தெரியுமா, ஐயா?"

எவரும் பதில் சொல்லவில்லை. பின்பு உரிம விதிகளை வாசித்தோம். ஸ்டாக் காட்சியில் நடிப்பவர் பொதுவாக ஒரு சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார். அதோடு, அடையாளம் தெரியும் ஒருவரை இழிவாகவோ, நோயாளி, போதைக்கு அடிமை, குற்றவாளி என்று எண்ணும்படியோ காட்டக் கூடாது என்று அநேகத் தளங்கள் தடை வைத்திருக்கின்றன. சந்தா கட்டுவதால் அந்தத் தடை நீங்கிவிடாது. சட்டம் தெரியாமலே அந்தச் சகோதரர் சரியான இடத்தில் கை வைத்தார். தன் முகத்தை மறைக்க வேறொருவனுடைய முகத்தைக் கொடுக்க அவர் மனம் ஒப்பவில்லை.

முடிவில் அவருடைய கைகளையே எடுத்தோம். பதநீர்க் காலம் அது. தளைநாரை மாட்டும் கைகள், பாளையைச் சீவும் அரிவாள், கலயத்தில் சுண்ணாம்பு தடவும் விரல்கள், விடியலில் தேரியின் செம்மண். கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து இரண்டு காலைகளில் எடுத்தார்கள். கொஞ்சம் ஆடுகிறது, ஓரிடத்தில் கோழி குறுக்கே ஓடுகிறது. ஆலயத்தில் அதைக் காட்டிய அன்று பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த விம்மலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அசனப் பண்டிகைக்கு 'அறுவடை' என்று அந்தத் தளத்தில் தேடிப் பார்த்தேன். கோதுமை வயலும் பெரிய இயந்திரமும் வரிசையாக வந்தன. அழகுதான். ஆனால் நம் பிள்ளைகள் ஸ்தோத்திரம் என்று பாடும்போது அவர்களுக்கு முன்னால் வேக வேண்டியது நம் அண்டாவில் உள்ள சோறல்லவா? அதை எந்தத் தளமும் விற்பதில்லை.

எனவே கமிட்டியில் நான் சொல்லப்போவதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டுச் சந்தா வேண்டாம். கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கும் நாடகத்துக்கும் பெத்லகேம் இரவும் நட்சத்திர வானமும் வேண்டும். அவற்றை நாம் எடுக்க முடியாது. இலவசத் தளங்களிலும் மனநிறைவாகக் கிடைக்கவில்லை. அதற்காக நவம்பர் பிற்பகுதியில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டலாம். விடுமுறை வேதாகமப் பள்ளிக்குத் தேவைப்பட்டால் மே மாதம் இன்னொரு முறை. தனி மாதத்துக்கு விலை இரு மடங்கானாலும் இரண்டு மாதம் பன்னிரண்டு மாதத்தைவிடக் குறைவு. கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிட வேண்டும். ஞாயிறு ஆராதனைக்கு, நம் ஊரிலேயே எடுத்த நாற்பது காட்சிகளைச் சேர்த்து, பருவவாரியாகப் பெயரிட்டு அந்தச் சகோதரியிடம் கொடுப்போம். அவர் சனிக்கிழமை இரவு தூங்கட்டும்.

எடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். ஒரு காட்சியை இருபது விநாடியாவது அசையாமல் எடுங்கள். ஆலயத்துக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் விநாடிக்கு 25 ஃபிரேம் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகையால் 30இல் வெளிச்சம் துடிப்பதுபோலத் தெரியக்கூடும். யாருடைய முகம் பதிந்தாலும் அவரிடம் முதலில் காட்டிக் கேளுங்கள்.

கமிட்டி அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு ஆராதனைக்குப் பின் கூடுகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அதற்குள் என்னிடமோ பொருளாளரிடமோ சொல்லுங்கள். வருகிற சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வாலிபர்கள் தேரிக்குப் புறப்படுகிறார்கள். கைப்பேசியை நிறுத்தும் முக்காலி எவரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் குருமனையில் கொடுத்து உதவுங்கள்.