கவி மணக்கும் ஷீராஸ்

நமது நாட்டு அரபுக் கல்லூரிகளில் ஓதியவர்களுக்கு ஷீராஸ் என்னும் பெயர் புதியதல்ல. ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களுள் ஒன்றான 'அத்தன்பீஹ்' கிதாபைத் தந்த இமாம் அபூ இஸ்ஹாக் (ரஹ்) அவர்களின் பெயரோடு 'அஷ்ஷீராஸி' என்ற அடைமொழி சேர்ந்தே வரும். அல்குர்ஆனுக்கு விரிவுரை எழுதிய இமாம் பைளாவி (ரஹ்) அவர்கள் அந்நகரில் காழியாகக் கடமையாற்றியவர்கள். அரபு இலக்கணத்தின் பேரறிஞர் ஸீபவைஹி அவர்களின் அடக்கஸ்தலமும் ஷீராஸில்தான் இருக்கிறது. நஹ்வுப் பாடத்தில் நம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் அந்தப் பெயருக்குரியவர் அரபியர் அல்லர், பாரசீகர்.

கிதாபுகளின் முகப்பில் நாம் கண்ட இந்நகருக்கு மற்றொரு வாசலும் உண்டு. அது கவிதையின் வாசல். பாரசீக இலக்கியத்தின் இரு பெரும் கவிஞர்களான ஸஅதியும் ஹாபிழும் பிறந்ததும் அடங்கியிருப்பதும் இங்கேதான்.

ஈரானின் தென்மேற்கே, ஸாக்ரோஸ் மலைகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது ஷீராஸ். இது பார்ஸ் மாகாணத்தின் தலைநகர். இம்மாகாணத்தின் பெயரிலிருந்தே 'பார்ஸி' என்ற மொழிப் பெயரும் பிறந்தது. நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 60 கிலோமீற்றர் தொலைவில் பண்டைப் பாரசீகப் பேரரசர்களின் மாளிகைகள் இடிந்து கிடக்கின்றன. கி.மு. 330இல் அலெக்சாந்தரின் படை அவற்றைத் தீக்கிரையாக்கியது. மன்னர்கள் கல்லில் எழுப்பியவை இடிந்தன. அந்த மண்ணின் மக்கள் சொல்லில் எழுப்பியவை இன்றும் நிற்கின்றன. அது எவ்வாறு என்பதைச் சற்று நோக்குவோம்.

எழுத்து மாறியது, மொழி வாழ்ந்தது

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பாரசீகம் இஸ்லாமிய ஆட்சியின் கீழ் வந்தது. எகிப்திலும் ஈராக்கிலும் காலப்போக்கில் அரபியே மக்களின் பேச்சு மொழியாயிற்று. பாரசீகத்தில் நடந்தது வேறு. அம்மக்கள் மார்க்கத்தை முழு மனதுடன் ஏற்றனர், தாய்மொழியைக் கைவிடவில்லை. அரபு எழுத்துக்கள் 28ஐயும் எடுத்துக்கொண்டு, அரபியில் இல்லாத தம் ஒலிகளுக்காக மேலும் நான்கைச் சேர்த்து 32 ஆக்கினர். அரபுச் சொற்களை ஆயிரக்கணக்கில் வரவேற்றனர். அரபு யாப்பின் அளவைகளைத் தம் மொழிக்கு இசைவாக மாற்றிக்கொண்டனர்.

10ஆம் நூற்றாண்டில் புகாராவை ஆண்ட ஸாமானிய மன்னர்களின் ஆதரவில் ரூதகி பாடினார். 1010ஆம் ஆண்டளவில் தூஸ் நகரத்துப் பிர்தௌஸி ஏறத்தாழ 50,000 ஈரடிகள் கொண்ட 'ஷாஹ்நாமா'வை நிறைவு செய்தார். பின்னர் ஸனாயி, நிஸாமி, அத்தார், ரூமி என ஒரு நீண்ட வரிசை. நம் மத்ரஸாக்கள் அறிந்த பெயரொன்றைச் சொல்வதானால், 'காபியா'வுக்கு விளக்கவுரை எழுதிய முல்லா ஜாமி (ரஹ்) அவர்கள் 1492இல் ஹிராத்தில் வபாத்தானார்கள். இலக்கணத்தின் நுட்பங்களை அரபியில் எழுதிய அதே பேனைதான் யூஸுப் நபி (அலை) அவர்களின் சரிதையைப் பாரசீகத்தில் காவியமாகவும் எழுதியது.

ஸஅதியின் தோட்டம்

ஷீராஸ் நகரின் வடகிழக்கே ஒரு தோட்டத்தின் நடுவில் ஷெய்கு ஸஅதி (ரஹ்) அவர்களின் அடக்கஸ்தலம் உள்ளது. இப்போதுள்ள கட்டடம் 1952இல் திறக்கப்பட்டது. 14ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற இப்னு பதூதா, அந்தத் தோட்டத்தைப் பற்றி எழுதியுள்ள ஒரு செய்தி மனதைக் கவர்கிறது. துணி துவைப்பதற்காக ஸஅதி அங்கே சலவைக் கல்லால் சிறு தொட்டிகள் கட்டி வைத்திருந்தாராம். ஊர் மக்கள் ஸியாரத்துக்கு வந்து, அங்கு உணவருந்தி, துணிகளையும் துவைத்துக்கொண்டு திரும்புவார்களாம். கவிஞர் விட்டுச் சென்றது நூல்களை மட்டுமா? ஏழை எளியவர்களின் அன்றாடத் தேவையையும் அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த ஸஅதி, பக்தாதின் நிஸாமிய்யா மத்ரஸாவில் ஓதியவர். இமாம் அபூ இஸ்ஹாக் அஷ்ஷீராஸி அவர்கள் முன்னொரு காலத்தில் தலைமை ஆசிரியராக விளங்கிய கலாபீடம் அது. நீண்ட பயணங்களின் பின் ஊர் திரும்பி 1257இல் 'போஸ்தான்' என்ற செய்யுள் நூலையும், அடுத்த ஆண்டிலேயே 'குலிஸ்தான்' என்ற நூலையும் எழுதி முடித்தார். குலிஸ்தான் என்றால் ரோஜாத் தோட்டம் என்பது பொருள்.

1258 என்ற ஆண்டை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஹுலாகுவின் மொங்கோலியப் படை பக்தாதை அழித்து, கலீபாவைக் கொன்ற ஆண்டு அது. தாம் ஓதிய நகரின் அழிவுக்காக ஸஅதி அரபியிலும் பாரசீகத்திலும் இரங்கற்பாக்கள் பாடினார். ஷீராஸின் ஆட்சியாளர் மொங்கோலியருக்குத் திறை செலுத்தியதால் அந்நகர் தப்பியது. உலகம் எரிந்துகொண்டிருந்த வேளையில்தான் அவர் ஒரு ரோஜாத் தோட்டத்தை எழுத்தில் அமைத்தார். அது துயரத்திலிருந்து தப்பியோடும் முயற்சியன்று. நூலகங்கள் அழிந்தாலும் மனிதர் மனங்களில் ஒழுக்கம் அழிந்துவிடக் கூடாது என்ற கவலையே அதில் தெரிகிறது.

குலிஸ்தானில் எட்டு அத்தியாயங்கள். மன்னர்களின் நடத்தை, துறவியரின் பண்பு, போதுமென்ற மனம், மௌனத்தின் பயன், காதலும் இளமையும், முதுமை, கல்வியின் பலன், பழகும் ஒழுக்கம் என அவை விரிகின்றன. சிறு சிறு கதைகள். பெரும்பாலானவை ஒரு பக்கத்துக்கும் குறைவு. உரைநடையில் கதை நடக்கும். பாடம் வந்து விழும் இடத்தில் செய்யுள் எழும். இந்த அமைப்பினாலேயே துருக்கி முதல் வங்காளம் வரை பல நூற்றாண்டுகள் பிள்ளைகளின் பாடநூலாக அது இருந்தது.

அவரது கலைக்கு ஓர் உதாரணம் கூறலாம். இறைநம்பிக்கையாளர்கள் ஓர் உடலைப் போன்றவர்கள் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. ஸஅதி அந்த உவமையை எடுத்து, 'பனீ ஆதம்' என்னும் அல்குர்ஆனின் சொல்லோடு சேர்த்து, ஆதமின் மக்கள் அனைவருக்கும் அதை விரித்துப் பாடினார். அதுவும் அநியாயக்கார மன்னன் ஒருவனைப் பற்றிய கதையில் அதை வைத்தார். மூலம் ஹதீஸிலிருந்து, விரிவு அல்குர்ஆனிலிருந்து, வைத்த இடம் அரசனைப் பற்றிய கதை. கற்றவனும் கல்லாதவனும் ஒருங்கே புரிந்துகொள்ளும் எளிமை. அதுவே பாரசீகக் கவியின் உயரம்.

ஸரந்தீபும் ஷீராஸும்

ஷீராஸுக்கும் நமது இலங்கைக்கும் ஒரு பழைய தொடர்புண்டு. அந்நகரில் அடங்கியுள்ள மற்றொரு பெரியார் ஷெய்கு அபூ அப்துல்லாஹ் இப்னு கபீப் (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 371இல் (கி.பி. 982) வபாத்தானவர்கள். ஸரந்தீபில் பாவா ஆதம் மலைக்குச் செல்லும் வழியை முதன்முதலில் திறந்தவர் அன்னார்தான் என்று, 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா எழுதியிருக்கிறார்.

அவர் கூறும் கதை இது: ஷெய்கும் முப்பது பக்கீர்களும் மலைக்குச் செல்லும் வழியில் காட்டில் பசியால் வாடினர். தோழர்கள் ஒரு யானைக் குட்டியைப் பிடித்து உண்ண விரும்பினர். ஷெய்கு தடுத்தார், அவர்கள் கேட்கவில்லை. அன்றிரவு யானைகள் திரண்டு வந்து ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துக் கொன்றன. ஷெய்கை முகர்ந்த பின் தீண்டாமல் விட்டன. ஒரு யானை அவரைத் துதிக்கையால் தூக்கி முதுகில் ஏற்றி, மனிதர் வாழும் இடத்தில் கொண்டுபோய் இறக்கியது. அதன் பின் இந்நாட்டு மக்கள் முஸ்லிம்களைக் கண்ணியப்படுத்தித் தம் வீடுகளில் இடமளித்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

இப்னு பதூதாவுக்கு முன்பே, 1273இல் வபாத்தான மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்களின் 'மஸ்னவி'யில் இதையொத்த கதை இருக்கிறது. அங்கே நிகழ்வு ஹிந்துஸ்தானத்தில் நடக்கிறது. குட்டியைத் தின்றவர்களின் வாயைத் தாய் யானை முகர்ந்து கண்டுபிடிக்கிறது. இவ்விடத்தில் ரூமி கதையை நிறுத்தி, புறம் பேசுபவர்களை நோக்கித் திரும்புகிறார். அல்லாஹ்வின் அடியார்களின் மாமிசத்தை உண்ணும் உங்கள் வாயின் வாடை மறைந்துவிடுமா என்ற கருத்தில் அவர்களைக் கண்டிக்கிறார். புறம் பேசுவதை இறந்த சகோதரனின் மாமிசத்தை உண்பதற்கு ஒப்பிடும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் அங்கே பெயர் சொல்லாமலே ஒலிக்கிறது. பயணி அதை ஒரு கறாமத்தாகச் சொன்னார். கவிஞரோ அதைக் கேட்பவனின் வாய்க்கு நேரே பிடித்த கண்ணாடியாக்கினார்.

அந்நாளில் பாரசீகம் இந்துசமுத்திர வணிகர்களின் பொதுமொழிகளுள் ஒன்றாக இருந்தது. 'பத்தாலா' எனப்பட்ட புத்தளத்தில் தம்மை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கியது என்கிறார் இப்னு பதூதா. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளில் உள்ளது. சீனத் தளபதி செங் ஹோ கொணர்ந்த அக்கல்லில் பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. இன்றும் நாம் தர்கா, பஜார், சிபாரிசு, உஷார் என்று சொல்லும்போது பாரசீகமே நம் நாவில் நடமாடுகிறது.

சீனத்தின் ஹாங்சோவ் நகரில் படகொன்றில் பாடகர்கள் பாரசீகப் பாடலொன்றை மீண்டும் மீண்டும் பாடக் கேட்டதாகவும் இப்னு பதூதா எழுதினார். அவ்வடிகள் ஸஅதியினுடையவை என்று பிற்கால ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கவிஞர் மறைந்து அப்போது சுமார் ஐம்பது ஆண்டுகளே ஆகியிருந்தன.

ஹாபிழின் கஸல்

மீண்டும் ஷீராஸுக்கு வருவோம். எட்டுத் தூண்கள் தாங்கும், தர்வேஷ்களின் தொப்பியைப் போன்ற குவிமாடத்தின் கீழ் ஹாபிழின் கப்று உள்ளது. மண்டபம் 1935இல் எழுந்தது. மீஸான் கல்லை 1773இல் கரீம் கான் ஸந்த் என்ற ஆட்சியாளர் வைத்தார். கவிஞரின் இயற்பெயர் ஷம்ஸுத்தீன் முஹம்மத். அல்குர்ஆனை மனனம் செய்தவர் என்பதால் 'ஹாபிழ்' என்பதே புனைபெயராயிற்று. வபாத்தானது 1390ஆம் ஆண்டளவில். தக்காணத்து பஹ்மனீ சுல்தானின் அழைப்பை ஏற்று ஹுர்முஸ் வரை சென்று கப்பலேறியவர், புயலைக் கண்டு அஞ்சி ஊருக்கே திரும்பிவிட்டார் என வரலாற்றாசிரியர் பிரிஷ்தா கூறுகிறார்.

ஹாபிழின் சிறப்பு கஸல். முதல் ஈரடியின் இரண்டு அடிகளும் ஒரே ஓசையில் முடியும். அதன் பின் ஒவ்வோர் ஈரடியின் இரண்டாம் அடியும் அவ்வோசைக்கே திரும்பி வரும். நம் தமிழில் எதுகை அடியின் தொடக்கத்தில் நிற்கும். பாரசீகத்தில் ஓசை அடியின் முடிவில் நிற்கும். ஒவ்வோர் ஈரடியும் தனி முத்து. அவற்றைக் கோத்திருக்கும் நூல் அந்த ஓசை. இறுதி ஈரடியில் கவிஞர் பெரும்பாலும் தம் பெயரை வைத்து முடிப்பார்.

அவரது பாடல்களில் மதுவும் மதுக்கிண்ணமும் அடிக்கடி வருவதால் அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர். சிலர் அதை இறைக்காதலின் குறியீடு என்றனர். சிலர் நேர்ப்பொருளே கொண்டு கண்டித்தனர். ஆனால் ஒரு விடயத்தில் ஐயமில்லை. ஹாபிழ் மிகக் கடுமையாகச் சாடுவது முகஸ்துதியை. ஊருக்கு உபதேசம் செய்து தாம் விலகி நடப்போரை அவர் விட்டுவைப்பதில்லை. மிம்பரில் ஏறும் என் போன்றவர்கள் அவரை வாசிக்கும்போது கொஞ்சம் நடுங்கத்தான் வேண்டும்.

ஈரானிய இல்லங்களில் விசேட நாட்களில் அவரது தீவானைத் திறந்து பால் பார்க்கும் வழக்கம் உண்டு. மறைவானவற்றை அல்லாஹ்வே அறிவான். அதற்கு நம் மார்க்கத்தில் ஆதாரமில்லை. ஆனாலும், 600 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கவிஞரின் நூல் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பதும், தாயும் பிள்ளைகளும் கூடியிருந்து வாசிப்பதும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

நமக்கு உரிய பாடம்

மார்க்கம் அரபியில், உலகம் தமிழில் என்று நம் வீடுகளில் ஒரு வேலி விழுந்து வருகிறது. பிள்ளை ஓதுவது பொருள் தெரியாமல். படிப்பது மார்க்கம் தெரியாமல். பாரசீகர்கள் இந்த வேலியைப் போடவில்லை. அரபியில் இமாம்களாக இருந்தவர்களே தாய்மொழியில் கவிஞர்களாகவும் இருந்தனர்.

நம் முன்னோரும் அவ்வாறே செய்தனர். அரபு எழுத்துக்களுடன் தமிழ் ஒலிகளுக்குச் சில குறிகளைச் சேர்த்து அரபுத் தமிழை உண்டாக்கினர். கிஸ்ஸா, முனாஜாத், மஸ்அலா, நாமா எனப் புதுவகைப் பாடல்களைத் தமிழுக்குத் தந்தனர். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடினார். பாட்டிமாரின் பெட்டகங்களில் அந்தக் கிதாபுகள் இன்னும் சில இருக்கக்கூடும். அவற்றை வாசிக்கத் தெரிந்த கண்கள்தான் குறைந்து வருகின்றன. அப்படி ஒரு கிதாபு வீட்டில் இருந்தால் அதைச் செல்லரிக்க விடாதீர்கள். வாசிக்கத் தெரிந்த ஒரு முதியவரிடம் பிள்ளையை அழைத்துச் சென்று ஒரு பக்கமேனும் கேட்கச் செய்யுங்கள்.

மஃரிபுக்குப் பின் ஒரு கதையை நல்ல தமிழில் வாசித்துக் காட்டும் தாயும் ஒரு ரோஜாத் தோட்டத்தை நட்டவரே. அத்தகைய தோட்டங்களை நம் இல்லங்களில் அல்லாஹ் செழிக்கச் செய்வானாக! ஆமீன்.