பேய் உருண்ட 75 படிகள்

வாஷிங்டன் போகிறவர்கள் வெள்ளை மாளிகை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நெஞ்சுரம் உள்ளவர்கள் கொஞ்சம் மேற்கே, ஜார்ஜ்டவுன் வரை போகலாம். பிராஸ்பெக்ட் தெருவிலிருந்து எம் தெருவுக்கு இறங்கும் குறுகலான கல் படிக்கட்டு. 75 படிகள். செங்குத்து!

'இதிலென்ன பயம்?' என்று கேட்டால், 1973-ல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' நீங்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

தலையை முதுகுப்பக்கம் திருப்பும் சிறுமிதான் எல்லாருக்கும் ஞாபகம். அதைவிட வயிற்றைக் கலக்குவது க்ளைமாக்ஸ். சிறுமியைப் பிடித்த பேயைத் தன் உடம்புக்குள் வாங்கிக்கொண்ட பாதிரியார், அது அவளைக் கொல்வதற்குள் ஜன்னலை உடைத்துப் பாய்ந்து, இந்தப் படிகளில் உருண்டு சாகிறார். யாரோ பெற்ற பிள்ளைக்காக!

நேரில் பார்த்தால் சிரிப்பு வரும். வீட்டு ஜன்னல் எங்கேயோ, படிக்கட்டு எங்கேயோ. ஒலிம்பிக் வீரர் தாண்டினாலும் வந்து சேரமாட்டார். அதனால் டைரக்டர் ஃப்ரீட்கின், வீட்டோடு ஒரு பொய்ப் பகுதியை ஒட்டவைத்தார். சிறுமியின் அறை நியூயார்க்கில் போட்ட செட். வாயில் புகை வர, அறையையே ஐஸ்பெட்டி ஆக்கினார்கள்.

ஆனால் உருண்டது நிஜ மனுஷன் சார்! படிகளில் அரை அங்குல ரப்பர் ஒட்டி, ஒரு ஸ்டண்ட் நடிகர் இரண்டு தடவை உருண்டார்.

கதை எழுதிய பிளாட்டி, பக்கத்திலிருக்கும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2015-ல் படிக்கட்டின் அடியில் நினைவுப் பலகையும் வைத்துவிட்டார்கள்.

இப்போது அங்கே ஜனங்கள் மூச்சிரைக்க ஏறி இறங்குகிறார்கள். பேய்க்கு இல்லை, தொப்பைக்குப் பயந்து!