மூச்சுக்கு இடம்

எங்கள் தாய்மாமன் டிரம்பெட் வாசித்தவர். பனமரத்துப்பட்டியில் ஜருகுமலையைப் பார்த்தபடி இருந்த ஓட்டு வீட்டின் திண்ணையில், அவர் பித்தளைக் குழாயைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். மாரியம்மன் நோம்பி, மாப்பிள்ளை அழைப்பு, பெரியவர்களின் சாவு என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அவருடைய பேண்டு செட் போய்வரும்.

1997-ல் எங்கள் அக்காவுக்குத் திருமணம். முகூர்த்தத்துக்கு நாகஸ்வரம், வரவேற்புக்குக் கீபோர்டு கச்சேரி என்று முடிவு செய்தவர்கள் நாங்கள்தாம். ஒரே ஆள், ஒரே பெட்டி, அதற்குள் வயலினும் புல்லாங்குழலும் டிரம்பெட்டும் இருந்தன. மாமன் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தபோது அந்தப் பெட்டிக்குள்ளிருந்து டிரம்பெட் ஒலித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் முன்னிலையில் அவர் வாசிக்கவும் இல்லை. சில ஆண்டுகளில் பேண்டு செட்டும் கலைந்தது.

2012 பிப்ரவரியில் பிரெஞ்சு டிரம்பெட் கலைஞர் மோரிஸ் ஆந்த்ரே மறைந்தார். அந்தச் செய்தியின் வழியாகத்தான் கிளாட் போலிங் அவருக்காக எழுதிய ‘டூட் ஸ்வீட்’ எங்களுக்கு அறிமுகமாயிற்று. செவ்வியல் டிரம்பெட்டும் ஜாஸ் பியானோவும் எதிரெதிரே அமர்ந்து பேசிக்கொள்வது போன்ற ஆறு பகுதிகள். துணைக்கு பாஸும் டிரம்ஸும். போலிங் ஜான் பியர் ராம்பாலின் புல்லாங்குழலுக்காக இதே முறையில் எழுதிய தொகுப்பு, அமெரிக்காவின் செவ்வியல் இசைப் பட்டியலில் 530 வாரங்கள் நிலைத்து நின்றது. தூய்மைவாதிகள் இரு பக்கத்திலும் முகம் சுளிக்கத்தான் செய்தார்கள். ஜாஸ்காரர்களுக்கு அதில் துணிவு போதவில்லை. செவ்வியல்காரர்களுக்குக் கனம் போதவில்லை.

இந்தக் குறைகளில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் போலிங் செய்த ஒரு காரியம் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. டிரம்பெட்டை ஜாஸ் வாசிக்கச் சொல்லி அவர் வற்புறுத்தவில்லை. அது தன் எழுத்துப்படி, நேரான தாளத்தில், பழைய ஐரோப்பிய அரசவை மிடுக்கோடு நடக்கிறது. பியானோ பக்கத்திலேயே தோளைக் குலுக்கி நடக்கிறது. பகுதிக்குப் பகுதி டிரம்பெட்டும் வேறாகிறது: கார்னெட், ஃப்ளூகல்ஹார்ன், சின்னஞ்சிறு பிக்கோலோ டிரம்பெட். பியானோவின் சுரங்கள் கம்பியில் இறுகக் கட்டப்பட்டவை, நெளியாதவை. டிரம்பெட்டிலோ மூன்றே வால்வுகள். மற்றதெல்லாம் உதடும் மூச்சும். நெளியாத ஒன்றும் மூச்சால் வாழும் ஒன்றும் சேரும்போது எது எதற்கு விட்டுக்கொடுக்கும் என்பதே இவ்வகை இசையின் ஆதாரக் கேள்வி என்று தோன்றுகிறது.

அந்த ஒலிப்பதிவை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு மாமனிடம் போனோம். குற்ற உணர்ச்சிதான் எங்களை அழைத்துச் சென்றது என்பதை மறைப்பதற்கில்லை. ஏரி வறண்டு கிடந்த காலம் அது. முன்பற்கள் விழுந்துவிட்டபடியால் அவரால் இனி வாசிக்க இயலாது. டிரம்பெட்டுக்கு உதட்டின் பின்னால் பல் வேண்டும். கண்களை மூடிக்கொண்டு முதல் பகுதி முழுவதையும் கேட்டார்.

“பொட்டிக்காரன் இவனுக்கு மூச்சு வாங்க எடம் உடறான் பாரு கண்ணு” என்றார்.

நாங்கள் படித்த எந்த விமர்சனத்திலும் இதை இவ்வளவு சுருக்கமாக எவரும் சொல்லவில்லை. பியானோவுக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை. நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கலாம். ஊதுகிறவன் நிறுத்தும் இடத்தை அறிந்து, அங்கே தன் வாக்கியத்தை வைப்பதற்கு மரியாதை வேண்டும். எங்கள் கல்யாண மண்டபத்தில் இல்லாமற்போனது அந்த இடம்தான்.

ஆந்த்ரே யார் என்று கேட்டார். சுரங்கத் தொழிலாளியின் மகன், தானும் சிறுவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பாரிஸில் கட்டணமின்றிப் படிப்பதற்காக ராணுவ பேண்டில் சேர்ந்தவர் என்றோம். “பேண்டுக்காரனா?” என்று மாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார்.

மாமன் 2014-ல் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து விஜய் ஐயர், வடாடா லியோ ஸ்மித் இருவரின் இசைத்தட்டு வெளிவந்தது. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெற்றோரின் மகன் பியானோவில். அவருக்கு மூத்த தலைமுறையின் கறுப்பினக் கலைஞர் டிரம்பெட்டில். ஓவியர் நஸ்ரீன் முகமதியை நினைந்து உருவான இசை அது. போலிங்கின் துள்ளல் அதில் இல்லை. மூத்தவரின் ஒரு நீண்ட சுரம் அடங்கும்வரை இளையவர் காத்திருக்கும் இடங்கள் உண்டு. அங்கெல்லாம் சீர்த்தட்டோடு நின்ற ஒரு மனிதர் எங்கள் நினைவில் எழுகிறார்.

அவருடைய டிரம்பெட் இப்போது எங்களிடம் இருக்கிறது. வால்வுகள் இறுகிவிட்டன. அக்காவின் மகன் கீபோர்டு கற்கிறான். அவனுக்கு நாங்கள் இதுவரை சொல்லிக்கொடுத்தது, எங்கே கையை எடுக்க வேண்டும் என்பதை மட்டும்தான்.